கரியாலூர் வளைவில் நிறுத்தக் கூடாது

எனக்குக் கோபம் வந்தால் கை முன்னால் போகும், புத்தி பின்னால் வரும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவனுக்கு அந்த முரட்டுத்தனம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் காலை, குழம்பில் உப்பில்லை என்று சொம்பை எடுத்து வீசினேன். சுவரைப் பார்த்துத்தான் வீசினேன். குறுக்கே ஓடி வந்த என் ஏழு வயது மகளின் புருவத்தில் பட்டது. மூன்று தையல். மறுநாள் முதல் பஸ்ஸில் என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரியாலூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான்கு முறை போய் அழைத்தேன். நான்காவது முறை அவளுடைய அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். சமாதானத்துக்குப் போன இடத்தில் அடிதடி.

கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பக்தி ஒன்றும் இல்லை. கறுப்பு வேட்டியும் மாலையுமாகப் பார்த்தால் அவள் மனம் இறங்கிவிடும் என்று ஒரு நப்பாசை. எங்கள் குழுவுக்குக் குருசாமி, பதினெட்டு முறை சபரிமலை போய்வந்தவர், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பங்க்சர் கடை வைத்திருந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் முன்னால் தலை குனிந்து நிற்பதே எனக்குக் கடுப்பாக இருந்தது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“இன்னாத்துக்கு சாமி மாலை போடறீங்க? பொண்டாட்டி பாக்கறதுக்கா?”

நான் அவர் கையிலிருந்த மாலையையே பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

“டெய்லி அந்த வூட்டு வழியாத்தான போறீங்க. நாப்பத்தெட்டு நாளும் அங்க வண்டிய நிறுத்தக் கூடாது. ஹாரன் அடிக்கக் கூடாது. வான்னு ஆள் அனுப்பக் கூடாது. யாரு இன்னா பேசுனாலும் சாமின்னுதான் கூப்பிடணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க.”

“மத்த சாமிங்களுக்கெல்லாம் இப்பிடிச் சொல்லலியே?”

“அவங்க யாரும் சொம்ப வீசலியே.”

வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினேன்.

விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதும் செருப்பில்லாமல் நடப்பதும் ஒரு விஷயமே இல்லை. கரியாலூர் வளைவைத் தாண்டுவதுதான் உயிர் போகிற வேலை. வளைவு திரும்பியதும் அவர்கள் ஓட்டு வீடு, எதிரில் தண்ணீர்க் குழாய். குழாயடியில் சில நாள் மனைவி நிற்பாள், சில நாள் மகள். என் வெறுங்கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். இழுத்து எடுப்பேன். வாய்க்குள்ளேயே குருசாமியைத் திட்டுவேன். மாலை போட்டுக்கொண்டு திட்டுகிறோமே என்று அதற்கும் சேர்த்துச் சரணம் சொல்வேன்.

முப்பது நாள் ஆனபோது, தொடர்ந்து மூன்று நாள் அந்த வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்தேன். மலையை விட்டு இறங்கியதும் நேரே பங்க்சர் கடைக்குப் போய்க் கத்தினேன்.

“ஒங்க பேச்சக் கேட்டுக்கினு பொண்டாட்டி புள்ளய வுட்டுட்டு நிக்கணுமா சாமி?”

அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சொன்னார். “விசாரிக்க வேணாம்னு நான் சொல்லலியே. ஒங்க வண்டியில ஏறறதே மலைக்காரங்கதான். ஒருத்தரக் கேக்கறத வுட்டுட்டு இங்க வந்து கத்திக்கினு இருக்கீங்க.”

மறுநாள் கேட்டேன். மரவள்ளிக் கிழங்கு பிடுங்க எல்லோரும் விடியுமுன்பே கொல்லைக்குப் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான்.

நாற்பத்தைந்தாம் நாள் அவளுடைய அண்ணன் நடுரோட்டில் வந்து நின்றான். அங்கே நான் ஜீப்பை நிறுத்தியது அன்று மட்டும்தான். பின்னால் சனம் பிதுங்கிக்கொண்டிருந்தது.

“இன்னாடா, மாலையப் போட்டுக்கினா யோக்கியனா நீ? பெத்த புள்ள மண்டைய ஒடச்சவன் தான?”

என் கை சீட்டுக்கு அடியில் ஜாக்கி ராடைத் தேடிப் போய்விட்டது. பிடித்தும்விட்டேன். வாசலில் என் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீச்சுப் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

“சாமி,” என்றேன். ராடை விட்டுவிட்டேன். “கொஞ்சம் வழி வுடுங்க. வண்டியில கைக்கொழந்தக்காரி இருக்காங்க.”

அவன் காறித் துப்பிவிட்டு நகர்ந்தான். நான் ஓட்டிக்கொண்டு போனேன். நானா இது என்று எனக்கே ஒரே பெருமை. இனி என் வீடு எனக்குக் கிடைத்துவிடும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் பிள்ளையார் கோயிலில் இருமுடி கட்டினார்கள். இருமுடிப் பையில் சாமிமார் மூன்று பிடி அரிசி போட்ட பிறகு வீட்டுக்காரர்கள் வந்து போட வேண்டும். எல்லோருக்கும் மனைவி, அம்மா, அக்கா என்று வரிசை நின்றது. என் பக்கம் யாரும் இல்லை. குருசாமி மற்றவர்களுக்கு எல்லாம் கட்டி முடித்தார். என்னிடம் வந்தார். கட்டாமல் ரோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் கரியாலூர் பஸ் வந்தது. மனைவி, கையில் பச்சரிசிப் பையும் மகளுமாக நடந்து வந்தாள்.

என் முகத்தைப் பார்க்காமலே மூன்று பிடி போட்டாள். “நீயும் போடும்மா,” என்றாள் மகளிடம். மகள் ஒரு பிடி அள்ளிக்கொண்டு கிட்டே வந்தாள். இருமுடிப் பையின் வாய் சரிந்திருந்தது. விரித்துப் பிடிக்கலாம் என்று வலது கையைத் தூக்கினேன்.

பிள்ளை புருவத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அரிசி தரையெல்லாம் சிதறியது.

“பயப்படாத, ஒண்ணும் பண்ண மாட்டாரு,” என்றாள் என் மனைவி. சொல்லிக்கொண்டே எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

குருசாமி என் இரண்டு கைகளையும் பிடித்து என் மடியில் வைத்தார். “அசையாதீங்க சாமி. கொழந்த எப்ப போடுதோ அப்ப கட்டிக்கலாம்.”

வெளியே எங்களைச் சபரிமலைக்கு ஏற்றிப்போக வந்த பஸ்காரர் நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. கண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது. துடைக்கவேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.