தலைப்புகளைச் சீர்செய்தவள்

என் மனைவிக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத இன்னொரு வேலை. ஊர் உலகமெல்லாம் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைத் தலைப்புகளை ஒரே சீராக்குவாள். முதலில் இடம், அப்புறம் நிகழ்வு, கடைசியில் ஆண்டு. எவனாவது ஆண்டை முன்னால் போட்டுவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"யாருடி இதையெல்லாம் பாக்கப் போறாங்க?" என்பேன்.

"நான் பாக்குறேன்ல?" என்பாள். பதினோரு வருடமாக இதே சண்டை.

அன்று அவளுக்கு விடுமுறை. பால விபத்துத் தலைப்புகளை வரிசையாகத் திருத்திக்கொண்டிருந்தாள். கட்டுரையை உள்ளே போய்ப் படிக்கிற வழக்கமே கிடையாது. தலைப்பு நேரானால் போதும். முப்பதுக்கு மேல் முடித்த பிறகுதான் ஒன்று உறைத்திருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு என் அலுவலகத்துக்குப் பேசினாள்.

"என்னங்க, நம்ம ஆத்துப்பாலம் இடிஞ்சிடுச்சுன்னு ஒரு கட்டுரை இருக்கு. இன்னைக்குத் தேதி, ஆறு மணி. பன்னெண்டு பேர் செத்தாங்களாம். ஜன்னல்ல பாக்குறேன், பாலம் அப்படியே நிக்குது."

"எவனோ வேலையத்தவன் எழுதியிருப்பான்."

"எழுதினவன் பேரே இல்லைங்க. தலைப்பை மாத்தினது மட்டும் என் பேர்ல இருக்கு. நீங்க அந்த வழியா வராதீங்க. சத்தியம் பண்ணுங்க."

தலையெழுத்தே என்று சத்தியம் செய்தேன்.

"ஐயோ," என்றாள் உடனே. "இப்போ பதினொண்ணுன்னு மாறிடுச்சுங்க."

சிரித்தேன். சிரித்தேனே, பாவி.

சுற்றுவழியில் வீடு வந்தபோது ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கதவு திறந்து கிடந்தது, அவள் இல்லை. கணினியில் அந்தக் கட்டுரை. பதினொன்று என்றிருந்தது என் கண்ணெதிரே எட்டானது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வீட்டுச் செருப்போடு ஓடி, இந்தக் கரை வண்டிகளை மடக்கிவிட்டு, அந்தக் கரைப் பேருந்தை நிறுத்தப் பாலத்தின் நடுவுக்கே போயிருந்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாள். திரும்பிக் கணினியைப் பார்த்தேன். எட்டு ஆறானது, ஆறு மூன்றானது. "அப்படிப் போடு!" என்று நானும் கத்தினேன். பேருந்து பின்வாங்கிக் கரையேறியது. சைபர் வரட்டும் என்று காத்திருந்தேன். ஒன்று என்று மாறி, அங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஒன்று யாரென்று உறைத்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஓடி வாடி!" என்று அலறினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் பாலம் போய்விட்டது.

போன வாரம் எவனோ அந்தக் கட்டுரைத் தலைப்பில் ஆண்டைத் தூக்கி முன்னால் போட்டிருந்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்துபோய் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அதைக் கடைசிக்கு மாற்றினேன்.