ரோடு வளைந்த ஊர்

மலை இல்லை, ஆறு இல்லை, கோட்டை இல்லை. அதனால் எங்கள் ஊருக்குச் சரித்திரமும் பூகோளமும் இல்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மேற்கே இருக்கிறது. அது பாலக்காட்டுப் பக்கம் விட்டிருக்கிற இடைவெளி வழியாக வரும் ஆடிக்காற்று, எங்கள் சோளக்காட்டுச் செம்மண்ணை வாரி எங்கள் சோற்றிலேயே போடும். பூகோளம் வேறு எப்படி இருக்க வேண்டும்?

சரித்திரத்துக்கும் குறைவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்புத் தண்ணீர்தான். ஒரே ஒரு கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். கோயமுத்தூருக்குப் போகிற வண்டிக்காரர்கள் அதற்காகவே வளைந்து வந்து மாடு அவிழ்த்தார்கள். மாடு நின்ற இடத்தில் சந்தை கூடியது, சந்தையைச் சுற்றி ஊர் உண்டானது. எந்த ராஜாவும் வந்து கட்டித் தரவில்லை. வண்டித்தடம் வளைந்ததால் பின்னால் வந்த ரோடும் வளைந்தது, அதில் பஸ்ஸும் வந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் அந்த வளைவை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே நேராக ஒரு புது ரோடு போட்டார்கள். பஸ் அதில் போகத் தொடங்கியது. நான் அடுத்த டவுனில் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். வயசுக்கு வந்த பெண் காட்டு வழியே நடந்துபோய் அங்கே பஸ் ஏற வேண்டாம், படித்தது போதும் என்றார் அப்பா. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் பஸ் முதலாளியைப் பார்க்கப் போனார்கள். அப்பாவும் போனார். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அங்கே குறை பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதலாளியும் எங்கள் பக்கத்துக்காரர்தான். இவர்கள் படியேறியதுமே இலை போடச் சொல்லிவிட்டார். மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் பேசிவிட்டு, பஸ் பேச்சை எடுக்காமலே வெற்றிலை மென்றுகொண்டு திரும்பி வந்தார்கள். நல்ல மனுஷன் என்று புகழ்ச்சி வேறு.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆண்கள் போய்வந்தாயிற்றே என்று அப்பா தடுத்தார். சாப்பிட்டது தெரிகிறது, பேசியது என்ன என்று கேட்டுவிட்டு அம்மா நடையைக் கட்டினார்.

புரட்டாசி வெயில். முதலாளி வீட்டை அடைந்தபோது எனக்கு நாக்கு வறண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சொம்பு மோர் வந்தது.

"மொதல்ல மோரைக் குடிங்க அம்மணி, அப்புறம் பேசிக்கலாமுங்க" என்றார் முதலாளி.

நான் கை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கினார்.

"குடிச்சுப்போட்டா பேச முடியாதுங்க. எம்புள்ள படிக்கோணும். பஸ்ஸை ஊருக்குள்ள திருப்பி உடுங்க."

நேர் ரோடு இருக்கும்போது சுற்றிப் போனால் டீசல் யார் தருவது என்று அவர் கேட்டார்.

"ரோடு நேராப் போச்சுங்க. ஊரு இருந்த எடத்துலதானுங்க இருக்குது" என்றார் அம்மா.

முதலாளி மறுபடி மோரைக் காட்டினார். அம்மா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

திரும்பும் வழியில் ஒரு தோட்டத்து வாய்க்காலில் இரண்டு பேரும் குனிந்து, உப்புக் கரித்ததையும் பார்க்காமல் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தோம். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அம்மா சொன்னார்:

"பஸ்ஸு வந்தாலுஞ் செரி, வராட்டியுஞ் செரி, நாளைக்கு நீ பள்ளிக்கோடம் போற, கண்ணு. புது ரோடு வரைக்கும் நா கூட வாரேன்."

வந்தார். மறுநாள் காலை சோளக்காட்டு வழியே அவர் முன்னால் நடக்க நான் பின்னால் நடந்தேன். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

தை பிறந்த பிறகு பஸ் ஊருக்குள் திரும்பி வந்தது. தாங்கள் போய் மரியாதையாக நடந்துகொண்டதன் பலன் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அதற்குள் அந்தக் காட்டு வழியில் அம்மாவுக்குப் பின்னால் நடக்கும் பெண்கள் நாலு பேர் ஆகியிருந்தோம். அந்த பஸ் வராமலே போயிருந்தாலும் நாங்கள் படித்து முடித்திருப்போம்.