பெரியப்பா மொழிபெயர்த்த பனிப்படம்

எங்கள் வீட்டில் சினிமா பாவம். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் மட்டும் அது பாவமில்லை. இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. அதிகாலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பலகாரத் தட்டு கொடுத்தனுப்பி, ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிட்டு முடித்த பிறகு, கூடத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லோரும் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம். ஒவ்வொரு வருஷமும் அதே படம்தான். ஜன்னலைச் சாத்துவது வெயில் டிவியில் விழாமல் இருப்பதற்காக என்று அம்மா சொல்வாள். தெருவில் போகிற சபையார் கண்ணில் விழாமல் இருப்பதற்காக என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

இப்போது என் பிள்ளைகள் டிசம்பர் பிறந்ததுமே என்னென்ன கிறிஸ்துமஸ் படம் பார்ப்பது என்று சண்டையை ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைசியில் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு மூலை. எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு கேசட். அதைக் கொண்டுவந்தவர் மாமா, அதாவது அப்பாவின் தங்கையுடைய வீட்டுக்காரர். வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய் முதல் விடுமுறையில் வந்தபோது ஒரு வீடியோ டெக்கும் அந்தக் கேசட்டும் கொண்டுவந்தார். அத்தை வாழ்க்கைப்பட்டிருந்தது உடன்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில். அங்கே கரண்டு வருவதும் போவதுமாக இருந்ததால் டெக் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கேசட்டின் பெயர்ச்சீட்டு எப்போதோ கிழிந்துவிட்டது. நாங்கள் அதைப் பனிப்படம் என்போம். முதல் காட்சியில் ஒரு கோயில் வரும், கோபுரத்துச் சிலுவையின் மேல் பனி கொட்டும், பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடும். அதைப் பார்த்தவுடனேயே பெரியப்பா, "இது நல்ல பக்தியான படம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த காட்சிகளுக்காகத் தீர்ப்பை மாற்றிச் சொல்ல அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

படம் இங்கிலீஷில் இருந்தது. அதனால் என்ன, எங்களுக்குத்தான் பெரியப்பா இருந்தாரே. அப்பாவின் அண்ணனான அவர் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஊரில் அவருக்கிருந்த பேர் வேறு விதமானது. கன்வென்ஷன் கூட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து பிரசங்கியார் வந்தால், பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறவர் பெரியப்பாதான். பிரசங்கியார் கையைத் தூக்கினால் இவரும் தூக்குவார். அவர் குரல் தழுதழுத்தால் இவர் குரலும் தழுதழுக்கும். அவர் ஆப்பிள் தோட்டம் என்று சொன்னால் இவர் வாழைத்தோட்டம் என்பார். அவர் ஊர் ஆறு எதுவாக இருந்தாலும் தமிழில் அது தாமிரபரணியாக ஓடும். பிரசங்கம் தமிழில் கேட்டால்தான் நன்றாக இருக்கிறது என்று இங்கிலீஷ் தெரிந்தவர்களே சொல்வார்கள்.

கிறிஸ்துமஸ் மத்தியானமும் அவர் உட்கார மாட்டார். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக டிவிக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால் தள்ளி நிற்பார். பிரசங்கியார் பக்கத்தில் நிற்கிற அதே நிற்பு. படத்தில் ஆள் தொப்பியைக் கழற்றினால் பெரியப்பாவின் கையும் தலைக்குப் போகும். படத்தில் வான்கோழியை அடுப்பில் வைத்தால், "நாட்டுக்கோழி வச்சிருக்கா" என்பார். பனியில் நிற்கிற மரங்களெல்லாம் சவுக்கு மரங்கள். அழுகிற இடங்களில் அவரே முதலில் அழுதுவிடுவதால் எங்களுக்குக் கஷ்டமில்லாமல் இருந்தது.

கதை இதுதான். ஒருவர் மனைவியையும் சின்னப் பையனையும் விட்டுவிட்டு வேலைக்காக ரயில் ஏறிப் போகிறார். கிறிஸ்துமஸ் வருகிறது. அவரைக் காணோம். தாடிக்காரர் ஒருவர் அவ்வப்போது விறகு கொண்டுவந்து போடுகிறார், கூரையைச் சரிபண்ணிக் கொடுக்கிறார். பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் போன் அடிக்கிறது. அந்தப் பெண் ஓடிப்போய் எடுக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து ஆண் குரல் பேசுகிறது. பெரியப்பா ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு சொல்வார்: "இங்க பனி கொட்டுது. வண்டி ஓடலை. சாப்பாட்டை எடுத்து வை, பைய வந்து சேருதேன்."

கடைசிக் காட்சியில் கதவு தட்டப்படும். அவள் திறப்பாள். வாசலில் தாடிக்காரர் நிற்பார். "வந்துட்டாரு!" என்று பெரியப்பா கையை விரிப்பார். "பாத்தியளா, தாடி வளந்து ஆளே அடையாளம் தெரியலை." எல்லோரும் பெருமூச்சு விட, படம் முடிந்துவிடும்.

எனக்குத் தீராத சந்தேகங்கள் இருந்தன. ரயில் ஏறிப் போனவர் பனைமரமாக வளர்ந்தவர். திரும்பி வந்தவர் அவருடைய தோள்பட்டைக்குத்தான் இருந்தார். பனியில் கிடந்தால் ஆள் குறுகிவிடுவார்களா என்று கேட்டேன். "குளிருல்லா" என்றார் பெரியப்பா. அப்படியானால் நடுவில் விறகு போட்ட தாடிக்காரர் யார்? "அது தம்பிக்காரன். அண்ணன் தம்பின்னா சாடை ஒண்ணுபோலதான் இருக்கும்." இரண்டு பேரும் ஒரே கட்டம் போட்ட கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார்களே? அதற்கு நானே பதில் கண்டுபிடித்துக்கொண்டேன். ஏழைக் குடும்பம், இருக்கிற ஒரு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். கடைசியில் அந்தப் பையன் வந்தவரை 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிடுகிறானே, அப்பாவை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா என்று கேட்டபோதுதான் பெரியப்பா கொஞ்சம் யோசித்தார்.

"அங்கன உள்ள பிள்ளைகள் அப்பாவை அவ்வளவு மரியாதையாக் கூப்பிடும். நீயும் இருக்கியே."

இதையெல்லாம் அத்தை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். பண்டிகைக்கு முந்தின நாள் ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கி, பண்டிகைக்கு மறுநாள் திரும்பிப் போய்விடுவாள். மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மாமா இரண்டாவது விடுமுறையில் வந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு பண்டிகைக்குப் பண்டிகை போன் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று ஊருக்கு வந்துபோகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கோயில் வாசலில் யாராவது அத்தையிடம், "ஏளா, மாப்பிள்ளை இந்த வருஷமாவது வாராரா?" என்று கேட்டால் அத்தைக்கு முன்னால் பெரியப்பா பதில் சொல்வார் என்பதுதான். "லீவு கிடைக்கலையாம்" என்பார். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். பையன் வெளிநாட்டுக்குப் போகப்போகிறவனாயிற்றே என்று அப்பா தயங்கியபோது, "நான் பொறுப்பு" என்று சொல்லித் தேதி குறித்தவர்.

நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டார்கள். டீச்சர் பேசுவது பாதி புரிய ஆரம்பித்ததும் என் நினைவு பனிப்படத்துக்குத்தான் போனது. இனிமேல் அந்த மிஸ்டர் யார் என்று பார்த்துவிடலாம். கிறிஸ்துமஸுக்காக அந்த வருஷம் நான் காத்திருந்ததுபோல வேறெந்த வருஷமும் காத்திருந்ததில்லை. புதுத்துணிகூட இரண்டாம்பட்சம்தான்.

பண்டிகையன்று பெரியப்பாவுக்குக் குரல் போய்விட்டது. கேரல் ரவுண்ட்ஸில் வீடு வீடாகப் பாடியதும் பனியும் சேர்ந்து தொண்டையைக் கட்டிவிட்டன. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் இந்த வருஷம் படம் வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டினார். டெக்கில் தூசி இருக்கும் என்று அம்மாவும் சொன்னாள்.

"நான் சொல்லுதேன்" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல மூன்று பேரிடமும் காரணம் இருந்தது. அத்தையை உட்கார வைத்துக்கொண்டு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. "பிள்ளை ஆசைப்படுதுல்லா, சொல்லட்டும்" என்று அத்தைதான் கேசட்டை எடுத்துக் கொடுத்தாள்.

டிவிக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால் தள்ளி நின்றேன். ஆனால் நான் மொழிபெயர்த்த படம் சப்பென்று இருந்தது. கோழி வான்கோழியாகிவிட்டது. சவுக்கு மரங்களுக்குத் தமிழில் பேரில்லாமல் போய்விட்டது. பெரியப்பா ஐந்து வாக்கியம் பேசுகிற இடத்தில், "குளிருதுன்னு சொல்லுதா" என்பதோடு எனக்கு முடிந்துவிட்டது. அப்பா கொட்டாவி விட்டார். விறகு கொண்டுவந்த தாடிக்காரரை அந்தப் பெண் மிஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். தம்பிக்காரன் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அதைச் சொல்லலாமா என்று பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் சுவரில் மாட்டியிருந்த போன். அது இன்னும் அடிக்கவே இல்லை.

பிறகு அடித்தது. அவள் ஓடிப்போய் எடுத்தாள். குரல் பேசியது. அதில் பனி என்ற வார்த்தை வரவில்லை. வண்டியும் வரவில்லை, சாப்பாடும் வரவில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், எங்கள் பாடப்புத்தகத்தில் வருகிற மாதிரி எளிமையானவை. எல்லாமே எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்ட சந்தோஷத்தில் உரக்க ஆரம்பித்தேன்.

"நான் இனிமே வர..."

பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறார் என்று தெரியாமல் நான் நின்றேன்.

"இங்க பனி கொட்டுது" என்றாள் அத்தை. டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வண்டி ஓடலை. சாப்பாட்டை எடுத்து வை, பைய வந்து சேருதேன்."

பெரியப்பா எந்த இடத்தில் நிறுத்துவாரோ அங்கே நிறுத்தி, எந்த இடத்தில் இழுப்பாரோ அங்கே இழுத்துச் சொன்னாள்.

"அப்படி இல்ல அத்தை. அவர் என்ன சொல்லுதாருன்னா..."

"அப்படித்தாம்ளா சொல்லுதாரு. உனக்கு இன்னும் இங்கிலீஷ் பத்தலை. வந்து உக்காரு."

அத்தை என்னிடம் அதட்டிப் பேசியது அது ஒருமுறைதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கருப்பட்டிப் பெட்டியோடு கிராமத்திலிருந்து வருகிறவள் என் இங்கிலீஷைக் குறை சொல்வதா? அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பெரியப்பா மெதுவாக உட்கார்ந்தார். மீதிப் படத்தை அத்தை இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளிடம் தமிழ் தயாராக இருந்தது. பெரியப்பா இருமி மழுப்பிவிடுகிற இடங்களைக்கூட அவள் விடவில்லை, தண்ணீர்பட்டபாடாகச் சொல்லிக்கொண்டே போனாள். கதவு தட்டப்பட்டதும், "வந்துட்டாரு" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

நான் அம்மாவைத் துரத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியுமா? எப்படித் தெரியும்?

"உங்க அத்தை பி.ஏ. இங்கிலீஷு. கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு வருஷம் வாத்திச்சியா இருந்தா. பெரியப்பா கன்வென்ஷனுக்குப் போறதுக்கு முந்தி அவகிட்டதான் சந்தேகம் கேட்டுக்கிடுவாரு."

"அப்ப ஏன் தப்புத் தப்பாச் சொல்லுதா?"

"ஏட்டி, வாயை மூடிட்டு அந்தத் தட்டை எடு."

அத்தை அதற்குள் மிளகும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போயிருந்தாள். நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். பெரியப்பா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த வருஷம் நீங்களே சொல்லுங்கண்ணே" என்றாள் அத்தை. "நீங்க சொன்னாத்தான் கேக்க நல்லாருக்கு."

பெரியப்பா தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து துண்டில் விழுந்தது. அத்தை அதைக் கவனிக்காததுபோலத் திரும்பி ஜன்னல்களைத் திறக்க ஆரம்பித்தாள்.

எனக்கு ஆராய்ச்சி முடிந்தபாடில்லை. அப்பா இங்கிலீஷ் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிற குமாஸ்தா. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், டாக்டரோடு இங்கிலீஷில்தான் பேசுவாள். அத்தை பி.ஏ. பெரியப்பாவைச் சொல்லவே வேண்டாம். எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரிந்த வீட்டில் இத்தனை வருஷமாக ஒருத்தர் எழுந்து நின்று தொண்டை வறள மொழிபெயர்த்திருக்கிறார், மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் யாருக்காக?

யோசித்து யோசித்துக் கடைசியில் விடையைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் கூடத்தில் இங்கிலீஷ் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். எனக்காகத்தான் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். பெரியப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, "எனக்கு இப்ப இங்கிலீஷ் புரியுது பெரியப்பா. அடுத்த வருஷம் நீங்க கஷ்டப்பட வேண்டாம், சும்மா உக்காந்து படத்தைப் பாருங்க" என்று பெருந்தன்மையோடு சொன்னேன்.