பெரிய தோட்டாவா, சின்னத் தோட்டாவா?

எங்கள் பொலிஸ் பிஸ்டல் போட்டி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் பெயர் கொடுத்துவிட்டேன். பயிற்சிக்கு இரண்டு வகைப் பிஸ்டல் வைத்திருந்தார்கள். பாயிண்ட் டூ டூவுக்குச் சின்னத் தோட்டா, நைன் எம்எம்முக்குப் பெரியது. புளத்கொகுபிட்டிய றப்பர் தோட்டத்துப் பெண் சின்னதைத் தூக்கினால் சிரிப்பார்களே என்று பெரியதை எடுத்தேன். சுட்டதெல்லாம் குறி அட்டையின் அடியில் போய் விழுந்தது. மறுநாள் தேர்வு.

கூடப் பயிற்சி எடுத்த, என்னை நங்கி என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லிக் கூப்பிடும் ருவனி, எனக்குத் தெரியாமல் மகசினில் மருந்தில்லாத ஒரு வெற்றுத் தோட்டாவைச் செருகிவிட்டாள். விசையை அழுத்தினேன். வெடிக்கவேயில்லை. ஆனாலும் என் கை சட்டென்று கீழே இறங்கியது, கண்ணும் மூடிக்கொண்டது. தோட்டத்தில் பன்றி விரட்ட வெடி போடும்போது சின்ன வயதிலிருந்து அப்படி மூடிப் பழகிய கண் அது.

"நங்கி, வெடிக்க முந்தியே பயந்துடுறீங்களே! சின்னத எடுங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் சின்னதையே எடுத்தேன். சத்தமும் குறைவு, துப்பாக்கி உதைப்பதும் குறைவு. கண் திறந்தே இருந்தது. ஐந்து தோட்டாவும் நடுவில் ஒரே இடத்தில் புகுந்தன. அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த அட்டையோடு தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அஞ்சு சுட்டேன்னு சொன்ன, ஒரு ஓட்டதானே இருக்கு?"

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாமி என் முதுகைத் தட்டினார். "பரவால்ல புள்ள, ஒன்னாவது பட்டுச்சே."

அந்த ஆறுதலைக் கெடுக்க மனம் வராமல், இன்றுவரை நான் விளக்கம் சொல்லவேயில்லை.