பிளக்கைப் பிடுங்காத மதியம்

எங்கள் ஆலயத்தில் பாட்டு சற்றுத் தாமதமாகத்தான் வரும். உபதேசியார் பாட்டின் எண்ணைச் சொல்வார். சபை எழுந்து நிற்கும். பிறகு ஒரு மூச்சு இழுத்து விடுகிற அளவுக்கு ஒன்றும் நடக்காது. அதன் பின்பே சுவரில் இருக்கும் ஒலிபெருக்கிகளிலிருந்து என் மனைவியின் குரல் முதலடியை எடுக்கும். அவள் பாடியதும் சபை அதே அடியைத் திருப்பிப் பாடும். வெளியூர்க்காரர்கள் அந்த இடைவெளியைப் பொறுக்காமல் தாங்களாகவே தொடங்கிவிட்டு, யாரும் கூடப் பாடவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் ஊருக்கு அது பழகிவிட்டது. குழந்தைகள்கூட அந்த மௌனத்தில் அசையாமல் நிற்கும்.

என் மனைவி வீட்டில் கட்டிலில் சாய்ந்தபடி பாடுகிறாள். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவளால் வாசல்வரை போவதே பெரும்பாடு. ஆலயம் ஊருக்கு வெளியே, பருத்திக் காட்டை ஒட்டி இருக்கிறது. எலும்பு முறிவதற்கு முன்பு எல்லா ஞாயிறும் அங்கே நின்று முதலடி எடுத்தவள் அவள்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் இணையத்தோடு இணைகிற ஆம்ப்ளிஃபயர் ஒன்றை ஆலயத்துக்கு அனுப்பி வைத்தார். உபதேசியார் சொல்லும் எண்ணைக் கைபேசியில் கேட்டு அவள் பாடுவது அதன் வழியாக உள்ளே இருக்கும் ஒலிபெருக்கிகளிலும் கோபுரத்துக் குழாயிலும் கேட்கும். குரல் காற்றில் அலைந்து வருவதற்கு ஆகும் நேரம்தான் அந்த இடைவெளி.

ஊரே ஆலயத்தில் கூடி உண்கிற அசனப் பண்டிகைக்கு முந்தைய வாரம் அது நின்றுபோனது. அவள் கைபேசியில் இருந்த செயலி தானாகப் புதுப்பித்துக்கொண்டது. ஆலயத்து ஆம்ப்ளிஃபயரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் மென்பொருளையும் புதிதாக்க வேண்டும். அதைத் தானாகச் செய்துகொள்ளவிட்டால், எங்கள் ஊர் இணைய இணைப்பு பாதியில் அறுந்து, ஒவ்வொரு முறையும் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

ஆலயக் கமிட்டியார் வீட்டுக்கு வந்து அன்பாகத்தான் பேசினார்கள். "இந்த வருசம் கயத்தாத்துப் பாடகர் குழுவைக் கூப்பிட்டிருவோம். அக்கா கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்." அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். அவர்கள் போன பிறகு பாட்டுப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொன்னாள். அது அவள் கைக்கு எட்டாத தட்டு. வைத்தேன். இந்த ஒரு பண்டிகை விட்டுப்போனால் அவள் இனிப் பாடமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

கையால் புதுப்பிக்க ஒரு வழி இருந்தது. கோவில்பட்டியில் என் அலுவலக இணைப்பில் அந்தக் கோப்பை இறக்கினேன். பென் டிரைவில் இருந்தவற்றையெல்லாம் அழித்து அது ஒன்றை மட்டும் வைத்தேன். கோப்பின் பெயரில் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. சொருகிய பிறகு பின்பக்கப் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுக்க வேண்டும். முடியும்வரை மின்சாரம் போகக்கூடாது. செய்முறையில் இந்தக் கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

பண்டிகைக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மதியம், ஆலயத்துக்குப் போனேன். மணியடித்து, கூட்டிப் பெருக்கி, சாவியும் வைத்திருக்கும் கோயில் குட்டியார் திறந்துவிட்டார். எங்கள் இருவரில் யார் மூப்பு என்பது இதுவரை தீர்மானமாகவில்லை. ஆகவே அவருக்கு நான் அண்ணாச்சி, எனக்கு அவர் அண்ணாச்சி.

பொத்தானை அழுத்திப் பிடித்தேன், அவர் சுவிட்சைப் போட்டார். சின்னத் திரையில் ஒரு கோடு பிறந்து மிக மெதுவாக வலப்பக்கம் நகரத் தொடங்கியது. பக்கத்தில் ஒரு நீலப்புள்ளி மினுங்கி அணைந்து மினுங்கியது.

ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. விதைத்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். தூரத்தில் காற்றாலைகள் ஒன்று சுற்றுவதும் மற்றொன்று நிற்பதுமாக இருந்தன. காலியான பெஞ்சுகளின் மேல் வெயில் ஊர்ந்தது. கோடு நகர்கிறதா, நான் நகர்வதாக நினைக்கிறேனா என்று தெரியவில்லை. ஒரு பெட்டி தன் பழைய நினைவையெல்லாம் மறந்து, புதியது முழுவதும் வந்து சேராமல், தான் யாரென்றே தெரியாமல் இருக்கிற நேரம் அது. எனக்கும் கண் சொக்கியது. நீலப்புள்ளி இமைக்குள்ளும் மினுங்கியது. வெயில் பெஞ்சிலிருந்து இறங்கிக் காணாமல் போனதை நான் கவனிக்கவே இல்லை.

அப்போது எங்கோ உருளையை உருட்டியது போல ஒரு சத்தம்.

"அண்ணாச்சி, கேட்டுதா?" என்றார் குட்டியார். அதற்குள் அவர் கை பிளக்கின் மேல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் அது யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. முதல் இடி கேட்டதும் ஊரில் எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். மரமே இல்லாத பொட்டல். இடி விழுவதற்கு உயரமாக இருப்பது எங்கள் கோபுரம் ஒன்றுதான். இடிதாங்கி இருந்தும் முந்தைய ஆம்ப்ளிஃபயர் அப்படித்தான் கருகியது.

"தொடாதீரும்! பாதி எழுதிக்கிட்டு இருக்கு. இப்பக் கரண்டு போனா பிறகு இது வெறும் டப்பா."

"இடி விழுந்தா மட்டும் டப்பா இல்லாம வேற என்னவாம்?"

"தூரத்துலதான் இடிக்குது."

"அந்தா எப்போதும்வென்றான் ஊர்ல இடிச்சாலும் இங்கன வார எம்புட்டு நேரம்? போன தடவை கருகுனப்ப கமிட்டியில என்னையத்தான் வச்சு வாங்குனாவ. உமக்கென்ன, கோயில்பட்டிக்கு பஸ் ஏறிப் போயிருவீரு."

"ஒரு ஜெபம் பண்ணும், அண்ணாச்சி. மழை செத்த நேரம் கழிச்சு வரட்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரே கூடி மழைக்கு ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கோம். இப்ப நான் தனியாப் போயி, ஆண்டவரே வேண்டாம் நில்லும்னா அவரு என்ன நெனைப்பாரு? ஏலே, நீங்க மொதல்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்கன்னு சொல்லுவாரு."

மறுபடி இடித்தது. இந்த முறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் கைபேசி ஒலித்தது, மனைவி. ஒரு கை பெட்டியின் மேல் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்க, அங்கன பிளக்கைப் பிடுங்கியாச்சா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

"பிடுங்கிருங்க," என்றாள். "அது ஊரு சாமான். என் பாட்டுக்காக எரிஞ்சு போச்சுன்னு இருக்க வேண்டாம். கயத்தாத்துக்காரங்க நல்லாத்தான் பாடுதாங்க."

குட்டியார் என்னைப் பார்க்கவில்லை. கைபேசியைப் பார்த்தார். அவர் கை பிளக்கிலிருந்து மெல்ல விலகியது.

"யக்கா," என்றார் சத்தமாக, "கயத்தாத்துக்காரவிய பாட ஆரம்பிச்சா அசனச் சோறு ஆறிப்போகும். நீங்க போனை வைங்க. நாளைக்கு எந்தப் பாட்டுன்னு பாருங்க."

பிறகு முதுகால் பிளக்கை மறைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார், தன் கையே தன்னை மீறிவிடக்கூடாது என்பது போல.

அறை மங்கியது. மின்னல் வரும்போது அவர் வெள்ளைச் சட்டை ஒரு கணம் நீலமாகித் திரும்பியது. ஈர மண் வாசம் எங்கிருந்தோ வந்தது. எங்கள் மண் இன்னும் நனையவில்லை. கோடு கடைசி ஓரத்தைத் தொட்டது. திரை இருண்டது. நீலப்புள்ளியும் அணைந்தது.

"போச்சா?" என்றார் குட்டியார், ஆலயத்தில் பேசுகிற மெல்லிய குரலில்.

நான் குனிந்து பெட்டியில் காதை வைத்தேன். பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். திரையில் எங்கள் ஆலயத்தின் பெயர் எழுந்து நின்றது.

மனைவியை அழைத்து, "பாடு," என்றேன். வழக்கமான அந்த இடைவெளி. பிறகு சுவரிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் அவள் குரல் அசனப் பாட்டின் முதலடியை எடுத்தது. காட்டில் இடிக்குப் பயந்து வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். முதல் துளிகள் ஓட்டின் மேல் விழுந்தன.

இரண்டாமடி பாதிவரை வந்திருக்கும். கோபுரத்துக்கு நேர்மேலே வானம் பிளந்தது போல இடித்தது. குட்டியார் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கையில் பிளக்கோடு, பாட்டை நிறுத்தியவர் வேறு யாரோ என்பது போல நின்றார். நான் சிரித்துவிட்டேன்.

மழை விட்டதும் வீட்டுக்கு நடந்தேன். செருப்பில் அப்பிய கரிசல் மண் ஒவ்வோர் அடிக்கும் கனத்துக்கொண்டே வந்தது. வாசலில் அதை வழித்துவிட்டு உள்ளே போனேன்.

"எவ்வளவு கேட்டுச்சு?" என்றாள்.

"முதலடி முழுசா. ரெண்டாவதுல பாதி."

"பாதியிலயா? நான் கடைசிச் சரணம் வரைக்கும் பாடினேனே!"

"அண்ணாச்சி பிளக்கைப் பிடுங்கிட்டாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நின்றது. "தொண்டை கட்டிரும் போல இருக்கு," என்றாள். "நாளைக்கு வேணுமே. கொஞ்சம் வெந்நி போடுங்க."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.