முப்பத்தோராவது மரம்

போன கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலையில் நடந்தது இது. வேலைக்காக நான் கள்ளக்குறிச்சிக்கு வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏரி, வாய்க்கால், கிணறு எல்லாவற்றையும் கணினி வரைபடத்தில் ஏற்றும் வேலை. எதைப் பார்த்தாலும் அதன் பெயரையும் இருக்கும் இடத்தையும் குறித்துவைப்பது பழக்கமாகிவிட்டது. ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர்: வீட்டு உரிமையாளர், பால்காரர், அலுவலக வாட்ச்மேன். சனிக்கிழமை மாலை அறைக்குள் போனால் திங்கள் காலை வரை வாய் திறக்க வேண்டியிருக்காது.

பாதுகாக்கப்பட்ட காட்டையும் சாமை வயல்களையும் ஒரு நாள் நடந்து பார்க்கலாம் என்ற அறிவிப்பைக் கண்டதும் பெயர் கொடுத்ததற்கு அதுதான் காரணம். வெள்ளிமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஜீப்பில் ஏறினோம். பதினொரு பேர். என்னைத் தவிர எல்லாரும் குடும்பமாகவோ ஜோடியாகவோ வந்திருந்தார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் மலை ஊர்ப் பெண். என் வயதுதான் இருக்கும். கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், கரடி வருமா என்று மூன்றாவது முறையாகக் கேட்டபோது அவள் திரும்பாமலே சொன்னாள்: “நீங்க பேசற சத்தத்துக்கு அது இந்நேரம் சேலம் போய்க்கினு இருக்கும் சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் போனில் குறித்துக்கொண்டு வந்தேன். ஒன்று, கடுக்காய். இரண்டு, நாவல். அவள் எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, காட்டையே ரேஷன் கார்டுல ஏத்திக்கினு வரீங்களா?”

ஓர் இடத்தில் நின்று, எதிரே இருந்த சந்தன மரத்தைக் காட்டினாள். “இத மட்டும் யாரும் போட்டோ புடிக்காதீங்க.” காரணம் சொல்லவில்லை. நானும் போட்டோ எடுக்கவில்லை. ஆனால் முப்பத்தொன்று, சந்தனம் என்று எழுதி, இடத்தைத் துல்லியமாகப் பதிவு செய்துகொண்டேன். சொன்னபடி நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

மதியம் அறுப்பு முடிந்த சாமை வயலில் சாப்பாடு. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் சற்றுத் தள்ளி ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். அங்கே சிக்னல் கிடைத்தது. செடி கொடி ஆர்வலர்கள் கூடும் ஒரு பொதுத் தளத்தில் பட்டியலை ஏற்றினேன். ஐந்து நிமிடத்தில் முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்: ‘31 அருமை. அடிமரம் எவ்வளவு பருமன்? ஜீப் பாதையிலிருந்து எவ்வளவு தூரம்?’

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! பதிலைப் பாதி தட்டிவிட்டேன். அதற்குள் அவள் எனக்குச் சோறு கொண்டுவந்தாள். அவளிடம் பெருமையாகக் காட்டினேன்.

படித்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். “அழிங்கக்கா. இப்பவே அழிங்க.”

நாலு வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் ஒரு சந்தன மரத்தை யாரோ வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். “வெட்னவன் போய்ட்டான். விசாரணைன்னு எங்க ஊரு ஆம்பளைங்களத்தான் இட்டுக்கினு போனாங்க. எங்க வூட்டுக்காரரு திரும்பி வர ஒம்போது நாளாச்சு. நாளைக்கு இது போச்சுன்னா மொத ஆளா அவரத்தான் கேப்பாங்க.”

அழிக்கப் போனால், சற்றுமுன் கிடைத்த சிக்னல் இப்போது இல்லை. இருவரும் பாறையின் உச்சிக்கு ஏறினோம். வழுக்கும் இடத்தில் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் போனைத் தலைக்கு மேல் தூக்கியபடி காத்திருந்தேன். முப்பத்தொன்றை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை. பட்டியலையும் என் கணக்கையும் முழுவதுமாக அழித்தேன்.

“அந்தாளு பாத்துட்டான்ல?” என்றாள்.

“பார்த்துட்டார்” என்றேன். அதை எந்தப் பொத்தானாலும் அழிக்க முடியாது. அவள் இறங்கிப்போய் மற்றவர்களுக்கு மோர் ஊற்றினாள். ஜீப் கிளம்பும்போது வலியப் போய் அவள் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போன் செய்தேன். மரத்தைத்தான் கேட்டேன். “மரம் கீது” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஊர் ஆண்கள் முறைபோட்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று அதற்கடுத்த வாரம் சொன்னாள். என் ஒரு வரிக்காக, கூலி வேலையை விட்டுவிட்டு. நாலாவது வாரம், “கீது” என்றவள் வைக்கவில்லை. “சாப்டீங்களாக்கா?” என்றாள்.

மாதங்கள் ஓடிவிட்டன. முறைபோட்டுப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். மரம் நிற்கிறது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், மணி அடித்து அவள் எடுக்கும்வரை அறைக்குள் நடந்துகொண்டே இருப்பேன். ஒரு மரம் இருக்கும் இடத்தைச் சொல்வது, அதன் நிழலில் வாழ்கிறவர்களின் வாசலைத் திறந்துவிடுவது என்று புரிந்துகொண்டேன். ஆனால் இப்போதும் வாராவாரம் நான் கேட்பது மரத்துக்காகவா, அந்தப் பக்கம் ஒரு குரல் வருகிறதே, அதற்காகவா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.