தார்ப்பாய்க்கு அடியில் மழை

போன வாரம் மக்காச்சோளம் வியர்ப்பதைப் பார்த்தேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன்!

எலவனாசூர்கோட்டைப் பக்கம் அக்கா வீடு. உதிர்த்த சோளத்தை ரோட்டோரம் கொட்டிக் காயவைப்பது எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம். பைக்கில் போகிறவர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவதும் வழக்கம்தான். நான் போன மறுநாள் சாயங்காலம் வியாபாரி லாரியோடு வருவதாக ஏற்பாடு. ஈரம் இருந்தால் வேண்டாம் என்று போய்விடுவார். ஒரு போகத்துப் பாடு அத்தனையும் அந்தக் குவியலில் கிடந்தது.

முக்கால்வாசி காய்ந்த நேரத்தில் வானம் மூடிக்கொண்டது. அக்கா வீட்டுக்காரர் — மாமா — ஒரு தூறல்கூடப் படக்கூடாது என்று தார்ப்பாயைப் போர்த்தி, சுற்றிலும் கல் வைத்துவிட்டார். ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தது.

காலையில் நான் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவிட்டேன். வெதுவெதுப்பு... ஈரம்! தார்ப்பாயின் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர்.

“மழையே பெய்யல. தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?” அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, குஷி தாங்கவில்லை. ஸ்கூலில் மனப்பாடம் செய்த ஆவியாதல் கண்ணெதிரே நடக்கிறதே!

“சோளத்துலேர்ந்துதாங்க்கா!”

தண்ணீர் ஆவியாகக் கொதிக்கத்தான் வேண்டுமா என்ன? சும்மா கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக்கொண்டேதான் இருக்கும். சோளத்திலிருந்தும் கிளம்பியிருக்கிறது. வெளியே போக வழி? தார்ப்பாயில் முட்டி, ராத்திரிக் குளிரில் மறுபடி தண்ணீராகி, சோளத்தின் மேலேயே சொட்டியிருக்கிறது.

“தார்ப்பாய எடுங்க மாமா!”

“வெயிலே காணோம், இன்னாத்த காயும்? மழை புடிச்சா யாரு பதில் சொல்றது?”

நியாயமான கேள்வி. ஆனால் கல்வராயன் மலைப் பக்கமிருந்து நல்ல காற்று. சோளத்தின் மேல் தேங்கும் ஈரக்காற்றை அது தள்ளிக்கொண்டு போனால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர இடம் கிடைக்குமே! மூட்டத்திலும் துணி காய்வதில்லையா?

அக்காதான் முடிவெடுத்தாள். “மூடிக்கினு கெடந்தா பூஞ்சைதான் புடிக்கும். எடுய்யா!”

எடுத்தோம். மெல்லிசாகப் பரப்பினோம். காலால் கிளறிக்கொண்டே நடந்தோம். மாமாவுக்கு ஒரு கண் வானத்தில், ஒரு கண் என்மேல். மதியம் நாலு தூறல் விழுந்தது பாருங்கள்... எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அதோடு நின்றது.

பாதுகாக்கிறேன் பேர்வழி என்று நாமும் எத்தனை கவலைகளை இப்படி மூடி மூடியே கெடுத்துக்கொள்கிறோம்! யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால் பாதி தானாகக் காய்ந்துவிடாதா?

சாயங்காலம் வியாபாரி வந்தார். ஒரு சோளத்தை வாயில் போட்டுக் கடித்தார். ‘டக்’! அப்புறம் ஈரம் பார்க்கும் மெஷினிலும் ஒரு கை அள்ளிப் போட்டார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா காஞ்சிக்கீது. மூட்டை புடிங்க.”

நான் ரோட்டிலேயே குதித்துவிட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மாமா? துண்டை உதறித் தோளில் போட்டபடி வியாபாரிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் மலைக்காத்துங்க. வெயில நம்பி எவனாவது சோளம் காய வெப்பானா?”